உறங்கி எழுந்த மடிக்கணினியும் விழிக்காத மவுஸும்

மடிக்கணினியின் மூடியைச் சாத்தி வைத்துவிட்டு அரைமணி நேரங்கழித்துத் திறக்கின்றோம். திரை ஒளிர்கின்றது. கடவுச்சொல்லைக் கேட்கின்றது. விசைப்பலகையில் தட்டிய எழுத்துகள் ஒழுங்காக விழுகின்றன. ஆனால் அம்புக்குறி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. அல்லது அடியோடு மறைந்துவிடுகின்றது. அல்லது விரல் ஒரு பக்கம் போகத் தான் வேறொரு பக்கம் தாவி, நாம் தொடாத பொத்தான்களையெல்லாம் அழுத்தத் தொடங்குகின்றது. ஊர் ஊராகச் சென்று விவரம் திரட்டும் கள ஊழியர்களிலும், கணினி கொண்டு வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிலும் இக்காட்சியைக் காணாதவர் சிலரே இருப்பர்.

அவ்வேளையில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி ஒன்றே. மின்பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்துக் கருவியைப் பலவந்தமாக அணைத்துவிடுகின்றனர். மறுபடி இயக்கியதும் மவுஸ் நன்றாக வேலை செய்கின்றது. ஆயின், காலை முதல் நிரப்பிச் சேமிக்காமல் வைத்திருந்த படிவங்கள் அதற்குள் அழிந்துபோயிருக்கும். வேறு சிலர் 'மவுஸ் பழுது' என்று சீட்டு எழுதிக் கருவியைப் பழுதுபார்க்கும் இடத்திற்கு அனுப்பிவிடுகின்றனர். அங்கு முறையாக இயக்கிப் பார்க்கும்போது குறையொன்றும் தென்படுவதில்லை; போனபடியே அது திரும்பி வருகின்றது. இடைப்பட்ட நாட்களில் வகுப்போ கணக்கெடுப்போ நின்றதுதான் மிச்சம்.

உண்மையில் இவ்வகைக் கோளாற்றில் மவுஸ் கெட்டிருப்பது அரிது. கணினிக்கும் மவுஸுக்கும் இடையே ஏற்கெனவே முடிந்திருந்த ஏற்பாடு ஒன்றை ஒரு தரப்பு நினைவில் வைத்திருக்க, மற்றொரு தரப்பு மறந்துவிடுகின்றது, அவ்வளவே. இதனை விளங்கிக்கொண்டால், எந்தப் பரிகாரம் ஏன் பலிக்கின்றது, எது ஏன் பலிப்பதில்லை என்பது தானே புலப்படும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல்கள் இக்கருவியைச் 'சுட்டி' என்று வழங்குகின்றன. நல்ல சொல்லே. ஆயினும் பள்ளியிலும் அலுவலகத்திலும் யாவரும் 'மவுஸ்' என்றே சொல்லுவதால் இங்கும் அவ்வாறே எழுதுகின்றோம். மடிக்கணினியின் விசைகளுக்குக் கீழே விரலால் தடவும் சதுரமான 'டச்பேட்' இக்கட்டுரையில் தொடுபலகை எனப்படும். மவுஸைப் பற்றிக் கூறுவனவற்றுள் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

உறக்கம் என்பது யாது?

வேலையின்றி இருக்கும் கணினி மின்சாரத்தை வீணாக்காதிருக்கச் செய்யும் பொருட்டு, இன்டெல், மைக்ரோசாஃப்ட் என்னும் இரு நிறுவனங்கள் 1992ஆம் ஆண்டில் ஏ.பி.எம். என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டன. எதனை எப்போது அணைப்பது என்பதை, கணினியின் பலகையில் பதிந்துள்ள 'பயாஸ்' என்னும் அடிப்படை நிரலே அதன்படி பெரும்பாலும் முடிவு செய்தது. 1996 டிசம்பரில் இவ்விரு நிறுவனங்களும் தோஷிபாவும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்னும் புதிய விதித்தொகுப்பை வெளியிட்டன. அது முதல் இப்பொறுப்பு விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் கைக்கு வந்தது. அதாவது, உறங்கச் செல்லுமுன் ஒவ்வொரு உறுப்பிற்கும் சொல்லி அடக்குவதும், எழுந்தபின் ஒவ்வொன்றையும் தட்டி எழுப்புவதும் இயங்குதளத்தின் கடமை. அதன் சார்பில் ஒவ்வோர் உறுப்போடும் பேசுவதற்குத் தனித்தனி நிரல்கள் உண்டு. அவற்றையே 'டிரைவர்' என்கின்றனர்.

இவ்விதிகள் உறக்கத்தைப் பல படிகளாக வகுக்கின்றன. எஸ்-3 என்னும் படியில் செயலகம், திரை, வட்டு முதலியவற்றிற்கெல்லாம் மின்சாரம் நிறுத்தப்படுகின்றது; நினைவகத்திற்கு மட்டும் சிறிதளவு தொடர்ந்து செல்லுகின்றது. நினைவகத்தில் உள்ள செய்திகள் நுண்ணிய மின்னேற்றங்களாகத் தங்கியிருப்பவை. அவை கசிந்துகொண்டே இருக்கும் இயல்புடையவை. ஆகவே ஒவ்வொரு வரிசையையும் சாதாரணமாக 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். ஓட்டைப் பானையில் நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பது போன்ற வேலை இது. மூடிவைத்த கணினியிலும் பேட்டரி மெல்ல இறங்குவதன் காரணம் இதுவே. எஸ்-4 என்னும் படியிலோ, நினைவகத்தில் உள்ளது முழுவதையும் வட்டில் எழுதிவைத்துவிட்டு எல்லா உறுப்புகளும் அணைந்துவிடுகின்றன. இதற்கு 'ஹைபர்னேட்' என்று பெயர். பனி நாட்டு விலங்குகள் குளிர்காலம் முழுதும் அடங்கிக் கிடப்பதிலிருந்து வந்த பெயர் அது. பனியைக் காணாத நம் மாணவர்க்கு, கோடையில் குளம் வற்றியதும் சேற்றுக்குள் புதைந்து, மழை பெய்ததும் வெளிவரும் தவளையைக் காட்டி இதனை எளிதில் விளக்கலாம்.

2012ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வெளிவந்தபோது மூன்றாவது வகை உறக்கமொன்று புழக்கத்திற்கு வந்தது. இன்று அதனை 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்கின்றனர். இதில் கணினி முழுவதும் உறங்குவதில்லை. திரையை அணைத்துவிட்டு, இடையிடையே கண் விழித்து, அஞ்சல் வந்துள்ளதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணயர்கின்றது. நம் பேச்சு வழக்கில் சொன்னால் கோழித் தூக்கம். அண்மைக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்-3 என்பதே இல்லை. இக்கோழித் தூக்கம் ஒன்றே உண்டு. பையில் வைத்த கருவி சில வேளைகளில் சூடேறிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். முன்னேற்றம் என்று இதனை வரவேற்றவர்கள் உண்டு. மின்வசதி குறைந்த ஊர்களில் நாள் முழுதும் அலைபவர்களுக்கு இது நன்மையா என்பது ஐயத்திற்குரியதே.

ஒரு தரப்பின் மறதி

எஸ்-3 உறக்கத்தில் நினைவகம் விழித்திருக்கின்றது என்று கண்டோம். ஆகவே மவுஸோடு பேசும் டிரைவர், தான் கடைசியாக என்ன பேசினோம் என்பதை மறப்பதில்லை. ஆனால் மவுஸின் நிலை வேறு. அதற்கு மின்சாரம் நின்றிருந்தால் அதன் நினைவு அழிந்துவிடும். எழுந்தவுடன் ஒருவர் பழைய பேச்சைத் தொடர, மற்றவர் முதல் அறிமுகத்திற்காகக் காத்திருக்கின்றார்.

மவுஸுக்கு நினைவு ஏது என்று கேட்கலாம். தொடக்கத்தில் அதற்கு நினைவு இருந்ததில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் கருத்தளிக்க, பில் இங்கிலிஷ் என்னும் பொறியாளர் 1964இல் செய்த முதல் மவுஸ் ஒரு சிறு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள். மேலே ஒரே பொத்தான். சக்கரம் சுழலச் சுழல ஒரு மின்தடை கூடும், குறையும். கணினி அதனை அளந்து கொள்ளும். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின்முன் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். அப்பெட்டிக்கு நினைவு இல்லை. ஆகவே மறதியும் இல்லை. இன்றைய மவுஸிலும் தொடுபலகையிலும் ஒவ்வொரு சிறு கணினி அடங்கியிருக்கின்றது. எவ்வளவு விரைவில் பேச வேண்டும், எந்த முறையில் பேச வேண்டும், பேசலாமா கூடாதா என்பன அதற்குச் சொல்லப்பட்டு, அதனால் நினைவில் கொள்ளப்படுகின்றன. மறதிக் கோளாறு அங்கிருந்துதான் பிறக்கின்றது.

இது நடைபெறும் விதத்தை ஒரு பழைய முறையைக் கொண்டு தெளிவாகக் காணலாம். 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.எஸ்/2 என்னும் கணினிகளில் மவுஸுக்கென வட்ட வடிவான செருகுவாய் ஒன்று இருந்தது. அவ்வட்டச் செருகுவாய் மடிக்கணினிகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் அதன் பேச்சு முறை மறையவில்லை. பல மடிக்கணினிகளின் தொடுபலகைகள் உள்ளுக்குள் நெடுங்காலம் அம்முறையிலேயே பேசிவந்தன, சில இன்றும் பேசுகின்றன. அம்முறைப்படி, மின்சாரம் கிடைத்ததும் மவுஸ் தன்னைத்தானே பரிசோதித்துக்கொண்டு 'நலம்' என்று பொருள்படும் ஒரு குறியை அனுப்பும். அடுத்துத் தன் இனம் இன்னதெனத் தெரிவிக்கும். பின்னர் மௌனமாகிவிடும். 'இனி நீ பேசலாம்' என்று கணினி ஆணையிடும்வரை, அதனை எத்தனை முறை நகர்த்தினாலும் ஒரு செய்தியும் அனுப்பாது. வகுப்பறை வாயிலில் நின்று, உள்ளே வர உத்தரவு கேட்கும் மாணவனைப் போன்றது அது. ஆசிரியரோ, அவனை முன்பே உட்காரச் சொல்லிவிட்டதாக எண்ணிப் பாடத்தைத் தொடர்கின்றார். இருவர் மீதும் குற்றமில்லை. ஆனால் அம்புக்குறி அசைவதில்லை.

அம்புக்குறி தாவித் திரிவதன் காரணமும் இங்கேயே கிடைக்கின்றது. இம்முறையில் ஒரு சாதாரண மவுஸ் ஒவ்வோர் அசைவையும் மூன்று பைட்டுகளில் தெரிவிக்கும். உருளும் சக்கரமுடைய மவுஸ் நான்கு பைட்டுகளில் தெரிவிக்கும். ஆனால் அதுவும் தொடக்கத்தில் மூன்றிலேயே பேசும். கணினி ஓர் இரகசியத் தட்டைத் தட்டினால்தான் நான்கிற்கு மாறும். அந்தத் தட்டு விந்தையானது. வினாடிக்கு 200 முறை பேசு, 100 முறை பேசு, 80 முறை பேசு என்று இவ்வரிசையில் மூன்று ஆணைகளைக் கணினி அனுப்பிவிட்டு, 'நீ யார்?' என்று கேட்கும். 'நான் மூன்றாம் இனம்' என்று விடை வந்தால் சக்கரம் உண்டென்று பொருள். உறங்கி எழுந்தபின் டிரைவரானது பேசுவதற்கான உத்தரவை மட்டும் புதுப்பித்துவிட்டு இவ்வரிசையைத் திரும்பத் தட்டாது போனால், மவுஸ் மும்மூன்றாக அனுப்புவதைக் கணினி நந்நான்காகப் பிரித்துப் படிக்கும். முதற் செய்தியோடு அடுத்த செய்தியின் தலை ஒட்டிக்கொள்ளும். இடப்பெயர்ச்சியைக் குறிக்கும் எண் பொத்தானைக் குறிப்பதாகிவிடும். நாம் தொடாத கோப்புகள் தாமே திறப்பதும் மூடுவதும் இதனால்தான். இதனைக் கண்டு 'வைரஸ்' புகுந்துவிட்டதென்று அஞ்சி, கருவியில் உள்ளதை முழுதும் துடைத்துவிடுவோரும் உளர். அது வேண்டாத வேலை.

யூ.எஸ்.பி. வழியாகச் செருகும் மவுஸில் மறதி வேறு உருவம் கொள்ளுகின்றது. செருகியவுடன் எந்த யூ.எஸ்.பி. கருவிக்கும் முகவரி பூச்சியமே. கணினி அதனை விசாரித்து, 1 முதல் 127 வரையுள்ள எண்களில் ஒன்றை அதற்கு முகவரியாக வழங்குகின்றது. அதன்பின் கேட்டாலன்றி மவுஸ் பேசாது. கணினி அம்முகவரியைச் சொல்லிச் சொல்லி வினாடிக்குப் பலமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். இணைப்பில் 3 மில்லி வினாடி தொடர்ந்து மௌனம் நிலவினால், மவுஸ் தன் மின் நுகர்வைக் குறைத்துக்கொண்டு அடங்கிவிட வேண்டும் என்பது விதி. அவ்வாறு அடங்கிய மவுஸுக்கு மின்சாரம் நிற்காதிருக்குமாயின், அது தன் முகவரியை மறப்பதில்லை. எழுப்பும் குறிப்பைக் கணினி 20 மில்லி வினாடி நேரம் கொடுத்தால் விழித்துக்கொள்ளும். ஆனால் பல மடிக்கணினிகள் உறங்கும்போது செருகுவாய்க்கே மின்சாரத்தை நிறுத்திவிடுகின்றன. விழிக்கும்போது மவுஸின் முகவரி பூச்சியம். கணினி தேடுவதோ பழைய முகவரியை. நல்ல டிரைவர் இதனை உணர்ந்து புதிதாக விசாரணை தொடங்கும். அவசரக் கையால் எழுதப்பட்ட டிரைவர் தேடிக் களைத்துக் கைவிட்டுவிடும்.

செருகுவாய்க்கு மின்சாரம் நின்றதா என்பதை அறியக் கருவியொன்றும் வேண்டுவதில்லை. சிவப்பு ஒளி வீசும் மவுஸைத் திருப்பிப் பார்த்தால் போதும். மூடி சாத்தியிருக்கும்போது ஒளி மங்கலாகவேனும் எரிந்தால் மின்சாரம் செல்லுகின்றது. ஒளி அணைந்திருந்தால் நின்றிருக்கலாம் என்று ஐயுறலாம். கண்ணுக்குப் புலனாகாத ஒளியை வீசும் மவுஸ்களில் இச்சோதனை செல்லாது.

அண்மைக்காலத்து மடிக்கணினிகளில் தொடுபலகை பெரும்பாலும் 'ஐ2சி' என்னும் இரு கம்பி இணைப்பில் பேசுகின்றது. பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் வகுத்த எளிய இணைப்பு அது. இதில் நேருவது மறதியை விடப் பொறுமையின்மையே என்னலாம். 'எழு' என்று ஆணையிட்ட உடனேயே அடுத்த ஆணையையும் அனுப்பினால், கண் திறவாத தொடுபலகை அதனைக் கேட்காது விட்டுவிடும். இத்தகைய புகார்கள் வந்தபின், லினக்ஸ் இயங்குதளத்தை எழுதுவோர், எழுப்பும் ஆணைக்குப் பின் 60 மில்லி வினாடி காத்திருக்குமாறு தம் டிரைவரில் ஒரு வரி சேர்த்தனர். கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த அக்காத்திருப்பினால் பல தொடுபலகைகள் விழித்தெழுந்தன.

கம்பியில்லா மவுஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினியில் செருகும் சிறு ஏற்பியுடன் வருவது, கணினியைப் பொறுத்தவரை யூ.எஸ்.பி. மவுஸே. புளூடூத் மவுஸுக்கோ, கணினிக்குள் உள்ள வானொலிப் பகுதி முதலில் விழித்து, பின்னர் மவுஸைத் தேடிச் சேர வேண்டும். அதற்குச் சில வினாடிகள் ஆகும். பத்து வினாடி பொறுத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதே அங்கு முதல் வைத்தியம்.

முதலில் காக்க வேண்டியது

மவுஸ் நின்றவுடன் செய்ய வேண்டியது மவுஸைச் சரிசெய்வதன்று. செய்த வேலையைக் காப்பது. விசைப்பலகை வேலை செய்யும்வரை எதுவும் அழிந்துவிடவில்லை. கோப்பில் எழுதிக்கொண்டிருந்தால் கன்ட்ரோல் விசையுடன் எஸ் எழுத்தை அழுத்தினால் சேமிக்கப்படும். இணையப் படிவமாயின் இது உதவாது. டேப் விசையை அழுத்தி அழுத்திப் படிவத்தின் இறுதியிலுள்ள சேமிக்கும் பொத்தானை அடைந்து, என்டர் விசையையோ நீண்ட இடைவெளி விசையையோ அழுத்த வேண்டும். டேப் விசை இப்போது எந்த இடத்தில் நிற்கின்றது என்பதை ஒரு மெல்லிய கட்டம் காட்டும். கள ஊழியர்கள் ஓய்வான ஒரு நாளில், மவுஸைத் தொடாமல் தம் படிவம் ஒன்றை முழுவதும் நிரப்பிப் பழகிக்கொள்வது நல்லது.

எண்விசைகள் தனியே உள்ள கருவியாயின் வேறொரு வழியும் உண்டு. விண்டோஸில் இடப்பக்கத்து ஆல்ட், இடப்பக்கத்து ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால், 'மவுஸ் கீஸ்' என்னும் வசதியை இயக்கலாமா என்று கேட்கும். சம்மதித்தால், எண்விசைகளைக் கொண்டே அம்புக்குறியை நகர்த்தலாம். 5 என்னும் விசை பொத்தானை அழுத்தியதற்குச் சமம். மெதுவான வேலைதான். ஆயினும் தலைக்கு மேல் வெள்ளம் வந்தபோது கைகொடுக்கும்.

வேலை காக்கப்பட்டபின் மவுஸுக்கு வருவோம். தொடுபலகையை அணைக்கவும் இயக்கவும் விசைப்பலகையின் மேல்வரிசையில் பெரும்பாலும் ஒரு விசை உண்டு; தொடுபலகையின் சிறு படம் அதில் வரைந்திருக்கும். மூடியைத் திறக்கும் அவசரத்தில் அது அழுந்தியிருக்கலாம். இதனை முதலில் பார்த்துவிட வேண்டும். அடுத்து, வெளி மவுஸ் இணைந்திருந்தால் தொடுபலகை உறங்கட்டும் என்று விண்டோஸில் ஓர் ஏற்பாடு செய்து வைக்கலாம். கம்பியில்லா மவுஸின் பேட்டரி தீர்ந்திருந்தாலும், அதன் சிறு ஏற்பி செருகியிருக்கும்வரை வெளி மவுஸ் இருப்பதாகவே கணினி கருதும். மவுஸும் இல்லை, தொடுபலகையும் இல்லை என்னும் நிலை இவ்வாறு ஏற்படுவதுண்டு. ஏற்பியைப் பிடுங்கியதும் தொடுபலகை உயிர்பெற்றுவிடும்.

யூ.எஸ்.பி. மவுஸைப் பிடுங்கி, ஐந்து வினாடி கழித்து, இயலுமாயின் வேறொரு செருகுவாயில் செருகுதல் என்பது யாவரும் அறிந்த வைத்தியம். அது பலிப்பதன் காரணம் இப்போது விளங்கும். பிடுங்கியதும் கணினி பழைய முகவரியை அழித்துவிடுகின்றது. செருகியதும் இரு தரப்பும் முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்கின்றன. தொடுபலகையைப் பிடுங்க முடியாது. ஆகவே அதே காரியத்தை விசைகளால் செய்ய வேண்டும். விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி, பின் எம் அழுத்தினால் 'டிவைஸ் மேனேஜர்' திறக்கும். மேல் கீழ் அம்பு விசைகளால் 'மைஸ்' என்று தொடங்கும் வரிக்கோ, 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்னும் வரிக்கோ சென்று, வலப்பக்க அம்பினால் அதனை விரித்து, தொடுபலகையின் பெயரை அடைந்து, ஷிஃப்ட் விசையுடன் எஃப்10 அழுத்தினால் ஒரு சிறு பட்டியல் வரும். அதில் 'டிஸேபிள்' செய்து, மறுபடியும் 'எனேபிள்' செய்தால் டிரைவர் பழைய நினைவை உதறிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பி.எஸ்/2 வகைத் தொடுபலகைக்கு இவ்வசதி இல்லாதிருக்கலாம். அப்போது கருவியை மறுபடி துவக்குவதே வழி. லினக்ஸில், சி-டாக் நிறுவனம் வெளியிடும் பாஸ் இயங்குதளம் உட்பட, நிர்வாகி உரிமையுடன் 'மாட்ப்ரோப்' என்னும் கட்டளையால் 'பிஎஸ்மவுஸ்' என்னும் கூற்றை நீக்கி மீண்டும் சேர்த்தால் இதே பயன் கிட்டும்.

'ஷட்டௌன்' செய்து திறந்தேன், அப்படியும் தீரவில்லை என்று சொல்வோர் பலர். அவர்கள் சொல்வது மெய்யே. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் ஏற்பாடு உள்ளது. விரைவாகத் திறப்பதற்காக, அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதிவைத்து, மறுநாள் அதனையே எடுத்துப் பொருத்திக்கொள்ளுகின்றது. குழப்பமும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்பி வருகின்றது. 'ரீஸ்டார்ட்' என்பதற்கோ இச்சலுகை இல்லை. அது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஆகவே மவுஸ் நின்றால் 'ஷட்டௌன்' அன்று, 'ரீஸ்டார்ட்'டே தேவை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ஷட்டௌன்' கொடுத்தாலும் முழுமையாக அணையும்.

மறுபடியும் வராதிருக்க

ஒவ்வொரு நாளும் இக்கோளாறு நேருமாயின் மூலத்தைப் பார்க்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் 'யூ.எஸ்.பி. ரூட் ஹப்' என்னும் ஒவ்வொன்றிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற பக்கம் இருக்கும். மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்று அங்கே கணினிக்கு அனுமதி தரப்பட்டிருக்கும். கட்டத்திலுள்ள குறியை நீக்கினால் அவ்வனுமதி ரத்தாகும். மின்சேமிப்பு அமைப்புகளில் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் நிறுத்தலாம். சில கருவிகளில் அது கண்ணில் படாது. இதனால் பேட்டரி சற்று விரைவில் இறங்கும். ஒரு சிறிய மவுஸின் பொருட்டு இழப்பது அற்பமே. கொடுக்கத் தக்க விலை.

டிரைவரைப் புதுப்பிப்பதாயின் கருவியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் கொண்டு தேடி எடுக்க வேண்டும். எல்லா டிரைவர்களையும் தாமே புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் நிரல்களை நாடுதல் கூடாது. அவை தீர்ப்பதைக் காட்டிலும் புகுத்தும் தொல்லை அதிகம். உறக்கம் பற்றிய குறைகள் பலவற்றிற்கு பயாஸ் புதுப்பித்தலே மருந்தாவதுண்டு. ஆனால் பயாஸ் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் கருவி முழுவதுமே எழாமற்போகலாம். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். மின் இணைப்பும் இருக்க வேண்டும். அடிக்கடி மின்வெட்டு நேரும் வேளையில் தொடங்கவே கூடாது. பள்ளிகளில் இதனைப் பொறுப்பாளரிடம் விட்டுவிடுதல் நலம்.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும் ஊழியர்கள் மூடியைச் சாத்தினால் உறக்கத்திற்குப் பதிலாக ஹைபர்னேட் ஆகுமாறு மாற்றிக்கொள்ளலாம். மவுஸ் கோளாறு இதனால் சில கருவிகளில் தீரும், சிலவற்றில் தீராது. ஆனால் வழியில் பேட்டரி தீர்ந்தாலும் பதிவுகள் வட்டில் இருக்கும். பையில் சூடேறுவதும் இல்லை. திறக்க அரை நிமிடம் கூடுதலாக ஆகலாம்.

மூடியைத் திறக்கும்போது கையைத் தொடுபலகை மீது வைக்காதிருப்பதும் நன்று. தொடுபலகை, விரல் அணுகும்போது மாறும் மின்தேக்கத்தை அளந்தே விரலை அறிகின்றது. விழித்தவுடன், விரல் இல்லாதபோது அளவு எவ்வளவு என்று கணித்துக்கொள்ளும். அத்தருணத்தில் உள்ளங்கை அதன்மேல் இருந்தால், கை இருப்பதையே வெறுமை எனக் கொண்டுவிடும். கையை எடுத்து, ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுச் சில வினாடி விட்டுவைத்தால் பெரும்பாலும் சரியாகும். இனி, சார்ஜரைச் செருகியபோது மட்டும் அம்புக்குறி நடுங்குமாயின் அது உறக்கத்தால் வந்ததன்று. மூன்று முனைச் செருகியை இரண்டு முனையாக மாற்றும் மலிவான துண்டின் மூலம் செருகி, நில இணைப்பை இழந்திருக்கின்றோமா என்று பார்க்க வேண்டும். பள்ளிக் கட்டிடங்கள் சிலவற்றில் சுவரிலேயே நில இணைப்பு இராது.

ஒன்றை மட்டும் எவ்விதத்திலும் பொறுத்துக்கொள்ளலாகாது. தொடுபலகை மேடாக எழும்பியிருந்தாலோ, அழுத்தினால் அமுங்காமல் கடினமாக இருந்தாலோ, மூடி சரியாகச் சாத்தாமல் இடைவெளி தெரிந்தாலோ, கீழேயுள்ள லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். பல மடிக்கணினிகளில் பேட்டரி தொடுபலகைக்கு நேர் கீழேயே அமைந்துள்ளது. அத்தகைய கருவியை அழுத்திப் பார்க்கவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. அணைத்து, மாணவர்களிடமிருந்து அப்புறப்படுத்தி, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும்.

முழுமையாக 'ரீஸ்டார்ட்' செய்த பின்னும், உறங்க விடாதபோதும் மவுஸ் வேலை செய்யாவிடில் அதுதான் மெய்யான பழுது. அவ்வாறன்றி, உறங்கி எழுந்தபின் மட்டும் நிற்குமாயின், கருவியை அனுப்பும் சீட்டில் 'மவுஸ் பழுது' என்று எழுதுவதால் பயனில்லை. 'மூடியைச் சாத்தித் திறந்தபின் மட்டும் தொடுபலகை வேலை செய்வதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகின்றது' என்று எழுதி, எத்தனை நிமிடம் மூடியிருந்தபின் நேருகின்றது, சார்ஜர் செருகியிருந்ததா, வெளி மவுஸ் இணைந்திருந்ததா என்பவற்றையும் குறிக்க வேண்டும். பழுதுபார்ப்பவர் கருவியை இயக்கிப் பார்ப்பதோடு நில்லாமல், அதனை ஒருமுறை உறங்கவைத்து எழுப்பிப் பார்ப்பதற்கு அப்போதுதான் காரணம் இருக்கும்.